கண்ணை மூடித் தொடுத்த சரம்

அன்று வெள்ளிக்கிழமை. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, அடுப்பில் பாலை வைத்திருந்தேன். போன் அடித்தது. என் நாத்தனார்.

"அண்ணி, இப்ப உடம்பு தேவலையா? அனுப்பின பணம் போதுமா, இன்னும் கொஞ்சம் அனுப்பட்டுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என் உடம்புக்கு என்ன? எந்தப் பணத்தைச் சொல்றே?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இங்கே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அணைக்கக் கூடத் தோன்றவில்லை எனக்கு.

நடந்தது இதுதான். உறவுக்காரர்களோடு பேசுவதற்கும், வீட்டு விசேஷப் படங்களைப் போடுவதற்கும் நம்மில் பலரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம் அல்லவா? என்னுடைய அந்தக் கணக்கிற்குள் யாரோ புகுந்து விட்டார்கள். என் பெயரில், என் படத்தோடு, திங்கட்கிழமை நாத்தனாருக்குச் செய்தி போயிருக்கிறது. "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அவசரமாக 9,500 ரூபாய் வேண்டும். உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். என்னால் போன் பேச முடியாது." அவள் அப்பாவி. தீபாவளிச் செலவுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து, அந்தச் செய்தியில் இருந்த நம்பருக்கு அனுப்பி விட்டாள். அண்ணி சொன்னபடி யாரிடமும் மூச்சு விடாமல் நான்கு நாள் பொறுத்திருந்து, மனசு கேட்காமல்தான் வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்கிறாள்.

உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். இணைய மோசடிக்கென்று நாடு முழுவதற்குமான உதவி எண் அது. சகோதரிகள் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். பணம் போன சூட்டோடு கூப்பிட்டால், அது கைமாறிப் போவதற்கு முன்னால் நிறுத்தி வைக்க வழி உண்டு. நாங்கள் நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டோம். பணம் திரும்பவில்லை.

பணம் போனது கூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு நான் எப்போது செய்தி அனுப்பினாலும், "இது நீங்கதானா அண்ணி?" என்று அவளிடமிருந்து பதில் வரும். இருபது வருஷமாக ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அந்தக் கேள்வி என்னைத் தைத்தது போல் எதுவும் தைத்ததில்லை.

பூட்டு போட்டது நான்தான்

என் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். கம்ப்யூட்டர் சயன்ஸ் அவளுக்குப் பிடித்த பாடம். அன்று சாயந்திரம் வந்ததும் முதல் கேள்வி, "அம்மா, பாஸ்வேர்ட் என்ன வெச்சிருந்தே?"

சொன்னேன். அவள் பெயர், அதற்குப் பின்னால் அவள் பிறந்த வருஷம்.

தலையில் அடித்துக் கொண்டாள். "போன வருஷம் என் பிறந்த நாளுக்குக் கேக் படம் போட்டியே, அதிலேயே என் பேர் இருக்கு. எத்தனையாவது பிறந்த நாள்னு மெழுகுவத்தியும் இருக்கு. வாசல்ல பூட்டைப் போட்டு, சாவியை அதிலேயே தொங்க விட்ட மாதிரி இருக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "சரி, எண்ணிப் பார்க்கலாம். எத்தனை பெயர் இருக்கு, எத்தனை வருஷம் இருக்கு, அவ்வளவு சீக்கிரம் கண்டு பிடிக்க முடியுமா?" என்றேன். கணக்கில் நான் எப்போதும் மோசமில்லை.

எண்ணினோம். ஊரில் வழங்கும் பெயர்கள் ஒரு பத்தாயிரம் என்று வைத்துக் கொள்வோம். வருஷம் ஒரு நூறு. பெருக்கினால் பத்து லட்சம். எனக்குப் பெரிய எண்ணிக்கையாகத்தான் பட்டது.

"அம்மா, அவங்க உட்கார்ந்து கையால் ஒவ்வொண்ணா அடிச்சுப் பார்க்கிறதில்லை. மெஷின் பார்க்குது" என்று சொல்லி, அவள் விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன்.

நாம் கொடுக்கும் பாஸ்வேர்டை, ஒழுங்கான நிறுவனங்கள் அப்படியே எழுதி வைப்பதில்லை. அரிசியை மாவாக அரைத்து வைப்பது போல உருமாற்றி வைக்கின்றன. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் திருடன் அந்த மாவு மூட்டையையே தூக்கிக் கொண்டு போய் விட்டால்? தன் வீட்டில் உட்கார்ந்து, தனக்குத் தோன்றும் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் அதே முறையில் அரைத்துப் பார்த்து, எது ஒத்துப் போகிறது என்று நிதானமாகத் தேடலாம். மூன்று தடவை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக் கொள்ளும் என்கிற காவல் அங்கே செல்லாது. அவனுடைய மெஷின் வினாடிக்கு 100 கோடி தடவை அரைத்துப் பார்க்கிறது என்று வைத்துக் கொண்டால், என்னுடைய பத்து லட்சம் கண் இமைக்கும் நேரத்துக்குக் கூடக் காணாது.

பிறந்த தேதியும் அப்படித்தான். நாள், மாதம், வருஷம் என்று எட்டு எண் இருக்கிறதே என்று நினைப்போம். நூறு வருஷத்தில் மொத்தமே சுமார் 36,500 நாள்தானே? அதற்கு மேல் ஒரு தேதியும் கிடையாது.

நம் மனசுக்குத் தெரியாத வித்தை

"அப்போ யாருக்கும் தெரியாத மாதிரி, மனசுக்குத் தோணினதை வெச்சுடறேன்" என்றேன். என் பெண் சிரித்தாள். "அம்மா, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லு."

"ஏழு."

"அப்பா, நீங்க?"

பேப்பர் படித்துக் கொண்டிருந்த என் கணவரும் நிமிராமலே, "ஏழு" என்றார்.

நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஏழு அடிக்கடி வரும். ஒன்றும் பத்தும் ஓரத்தில் இருக்கின்றன. ஐந்து நட்ட நடுவில் இருக்கிறது. இரட்டைப்படை எண் என்னவோ ஒழுங்காகத் தெரிகிறது. எல்லாவற்றையும் நம்மை அறியாமல் கழித்து விட்டு ஏழில் வந்து நிற்கிறோம். மனசு போன போக்கு என்று நாம் நினைப்பதற்கு உள்ளே ஒரு தடம் இருக்கிறது. அந்தத் தடம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்று.

இதற்கு நிஜ ஆதாரம் உண்டு. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருட்டுப் போயின. அந்தக் கம்பெனி அவற்றை அரைத்துக் கூட வைக்கவில்லை. அப்படியே எழுதி வைத்திருந்தது. பட்டியல் வெளியே வந்தபோது பார்த்தால், 2 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு மேல் வைத்திருந்த பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு! இன்றும் திருடர்களின் மெஷின் முதலில் எடுத்துப் பார்ப்பது இம்மாதிரிப் பட்டியல்களைத்தான். 'ஏ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'அட்' குறியைப் போடுவது, 'ஓ'வுக்குப் பதிலாகப் பூஜ்யம் போடுவது போன்ற நம் சாமர்த்தியங்கள் எல்லாம் அந்த மெஷினுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்த பாடம்.

இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் 'எனிக்மா' என்ற ரகசிய எழுத்து மெஷினை உபயோகித்தன. ஒவ்வொரு செய்திக்கும் மூன்று எழுத்துக்களை அதை இயக்குபவரே தம் இஷ்டப்படி தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த முறையும் இல்லாமல் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அவர்களும் மனிதர்கள்தானே? சிலர் காதலியின் பெயரிலிருந்து எழுத்தை எடுத்தார்கள். சிலர் மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எழுத்துக்களை அடித்தார்கள். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் இருந்தவர்கள் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக் கொண்டு ரகசியத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் பெண்கள்!

நான் என் பெண்ணின் பெயரை வைத்தேன். அந்தச் சிப்பாய் காதலியின் பெயரை வைத்தான். இரண்டும் ஒரே தப்பு. பிரியமானதைப் பூட்டாகப் போடக் கூடாது.

சரம் தொடுக்கும் கம்ப்யூட்டர்

அப்படியானால் யார் தேர்ந்தெடுப்பது? பிரியமும் ஞாபகமும் இல்லாத ஒன்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். "கம்ப்யூட்டரே செய்யும்மா" என்று என் பெண் பழைய லேப்டாப்பை எடுத்து வைத்துக் கொண்டாள்.

பைதான் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி. நெதர்லாந்து நாட்டுக்காரரான கைடோ வான் ராசம் உருவாக்கி 1991-ல் வெளியிட்டது. மலைப்பாம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லையாம். ஒரு பிரிட்டிஷ் டெலிவிஷன் நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்ததாம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயன்ஸில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். இங்கிலீஷ் வார்த்தைகளை நாலு வரி எழுதினால் கம்ப்யூட்டர் அப்படியே படித்து உடனே வேலையைச் செய்கிறது.

எழுத்தும் எண்ணும் வரிசையாகக் கோத்திருப்பதை இங்கிலீஷில் 'ஸ்ட்ரிங்' என்கிறார்கள். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'சரம்'. பூச்சரம்தான்! எனக்கு அந்த வார்த்தையிலேயே பாதி புரிந்து விட்டது.

கூடையில் பூக்கள் இருக்கின்றன. இங்கிலீஷ் சின்ன எழுத்து 26, பெரிய எழுத்து 26, பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் 10. ஆக 62. கண்ணை மூடிக் கொண்டு ஒன்றை எடு; என்னவென்று குறித்துக் கொள்; திரும்பக் கூடையிலேயே போட்டுக் கலக்கு; மறுபடி எடு. இப்படிப் பன்னிரண்டு தடவை. பன்னிரண்டு பூவில் ஒரு சரம் தயார்.

எத்தனை விதமான சரம் தொடுக்கலாம் என்று கேட்டால் தலை சுற்றுகிறது. எட்டுப் பூவுக்கே 62-ஐ எட்டுத் தடவை பெருக்க வேண்டும். இரண்டு கோடியைக் கோடியால் பெருக்கினால் வருவதை விட அதிகம். ஆனால் வினாடிக்கு 100 கோடி பார்க்கும் மெஷின் அதை இரண்டரை நாளில் முழுக்கத் துழாவி விடும். பன்னிரண்டு பூ என்றால் அதே மெஷினுக்கு ஒரு லட்சம் வருஷம் ஆகும். நாலே பூ கூடியதில் இவ்வளவு வித்தியாசம்!

அம்மா பிடித்த தப்பு

அன்று என் பெண் பட்டனைத் தட்டினாள். திரையில் பன்னிரண்டு எழுத்து வந்தது. வாயில் நுழையாத ஒரு சரம். காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக் கொண்டு, அதையே என் கணக்கிற்குப் புது பாஸ்வேர்டாக வைத்தேன்.

மூன்று நாள் கழித்து, மின்னஞ்சலுக்கும் ஒன்று மாற்ற வேண்டியிருந்தது. அவள் ட்யூஷன் போயிருந்தாள். எப்படித் தட்டுவது என்று சொல்லிக் கொடுத்திருந்ததால் நானே லேப்டாப்பைத் திறந்து தட்டினேன். சரம் வந்தது. எழுதிக் கொள்ளத் தாளை எடுத்தவள் அப்படியே நின்று விட்டேன். அன்றைக்கு வந்த அதே சரம்! ஒரு எழுத்துக் கூட மாறவில்லை. மூடிவிட்டு மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே.

பெண் வந்ததும், "ஏண்டி, உன் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு சரம்தான் தொடுக்கத் தெரியுமா?" என்றேன். முதலில் சிரித்தாள். தட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "ஐயோ, என் சிநேகிதிங்க மூணு பேருக்கும் இதையே கொடுத்தேனே! நாலு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட்!"

தப்பு எங்கே என்று அவளே கண்டுபிடித்தாள். வகுப்பில் கொடுத்த பயிற்சிக் கணக்கை அப்படியே எடுத்து வைத்திருக்கிறாள். அதில் 'சீட்', அதாவது விதை, என்று ஒரு வரி. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே விடை வந்தால்தான் டீச்சர் திருத்த முடியும். அதற்காகப் போட்ட வரி. பயிற்சிக்குச் சரி. பூட்டுக்கு உதவாது.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குத் தானாக எதையும் நினைக்கத் தெரியாது. சொன்ன கணக்கைத்தான் போடும். 'ராண்டம்' என்ற பெயரில் பைதானில் இருக்கும் முறையும் ஒரு கணக்குத்தான். ஓர் எண்ணை உறைமோர் மாதிரி ஊற்றினால், அதிலிருந்து அடுத்த எண், அதிலிருந்து அடுத்த எண் என்று போய்க் கொண்டே இருக்கும். பார்ப்பதற்கு எந்த முறையும் இல்லாதது போல இருக்கும். ஆனால் அதே உறையை ஊற்றினால் அதே தயிர்தான் தோயும்.

"அந்த வரியை எடுத்துட்டா சரியாயிடுமில்லே?" என்றேன்.

"தினம் வேற வேற வரும்மா. ஆனா அதுவும் போதாது" என்றாள். ராண்டம் முறைக்குள் இருக்கும் கணக்கின் பெயர் மெர்சென் ட்விஸ்டர். மட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1997-ல் கண்டு பிடித்தது. விளையாட்டுக்கும், விஞ்ஞானக் கணக்குகளுக்கும் பிரமாதமானது. ஆனால் அது வெளியே தள்ளும் எண்களில் 624-ஐ வரிசையாக முழுசாகப் பார்த்து விட்டால், விஷயம் தெரிந்தவர்களால் அடுத்து வரப் போவதை எல்லாம் சொல்லிவிட முடியும். ரகசியத்துக்கு இதை உபயோகிக்காதீர்கள் என்று பைதானின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

அதற்காகவே 2016 டிசம்பரில் வந்த 3.6 என்ற பதிப்பில் 'சீக்ரெட்ஸ்' என்று தனியாக ஒரு பெட்டி சேர்த்தார்கள். இது கம்ப்யூட்டரின் அடித்தளத்திலிருந்தே எண்ணை வாங்குகிறது. அந்த அடித்தளம் என்ன செய்கிறது? நாம் எந்த நொடியில் எந்த விசையைத் தட்டினோம், மவுஸ் எப்போது நகர்ந்தது, உள்ளே இருக்கும் பாகங்கள் எந்த நொடியில் பதில் சொல்லின என்கிற மாதிரி, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களைச் சேர்த்துக் கலக்கி வைக்கிறது. அதில் நாம் ஊற்ற உறையும் இல்லை. திருடன் பார்த்துப் பிடிக்கத் தடமும் இல்லை.

புதிதாக என் பெண் எழுதியது மூன்றே வரி. முதல் வரியில் சீக்ரெட்ஸ், ஸ்ட்ரிங் என்ற இரண்டு பெட்டிகளையும் எடுத்து வைக்கச் சொல்கிறாள். இரண்டாவது வரியில் எழுத்துக்களையும் எண்களையும் ஒரே கூடையில் கொட்டுகிறாள். மூன்றாவது வரியில், சீக்ரெட்ஸின் 'சாய்ஸ்' முறையைக் கொண்டு கூடையிலிருந்து ஒன்று எடு, பன்னிரண்டு தடவை எடு, இடைவெளி இல்லாமல் கோத்துக் காட்டு என்கிறாள். உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை இருந்தால் செய்யச் சொல்லுங்கள். ராண்டமா, சீக்ரெட்ஸா என்று மறக்காமல் கேளுங்கள். பிள்ளை உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கும், பார்க்கட்டும்!

நாங்கள் ஒரு சௌகரியம் செய்து கொண்டோம். பூஜ்யமும் பெரிய 'ஓ'வும் ஒன்று போல இருக்கும். ஒன்று என்ற எண், சின்ன 'எல்', பெரிய 'ஐ' மூன்றும் ஒன்று போல இருக்கும். இந்த ஐந்தையும் கூடையிலிருந்து எடுத்து விட்டோம். மீதி 57. அப்போதும் பன்னிரண்டு பூச் சரங்கள் கோடியைக் கோடியால் பெருக்கி மறுபடி கோடியால் பெருக்கினால் வருவதற்கு மேலேயே இருக்கின்றன. கண்ணாடி போட்டுக் கொண்டு தடவுகிற நமக்கு இந்த அளவு போதும்.

கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் பகடை

நாத்தனார் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அவளுக்கு என்ன வழி என்று யோசித்தபோது, பரமபதம் ஆடும் பகடை ஞாபகம் வந்தது. ஆறு முகம் உள்ள சாதாரணப் பகடைதான். என் பெண்ணைக் கேட்டேன். "சூப்பர் அம்மா! கம்ப்யூட்டரை விட அது ஒண்ணும் மட்டமில்லை" என்றாள்.

செய்முறை இதோ. ஆறுக்கு ஆறு புள்ளிக் கோலம் போல 36 கட்டம் போட்டுக் கொள்ளுங்கள். எழுத்து 26, எண் 10, கூட்டினால் சரியாக 36. கட்டம் மிஞ்சாது, குறையாது! முதல் வரிசையில் 'ஏ' முதல் 'எஃப்' வரை. இரண்டாவதில் 'ஜி' முதல் 'எல்' வரை. மூன்றாவதில் 'எம்' முதல் 'ஆர்' வரை. நான்காவதில் 'எஸ்' முதல் 'எக்ஸ்' வரை. ஐந்தாவதில் 'ஒய்', 'இசட்', பிறகு 0, 1, 2, 3. ஆறாவதில் 4 முதல் 9 வரை. எல்லாமே சின்ன எழுத்தாக எழுதுங்கள். பூஜ்யத்துக்கு நடுவே ஒரு கோடு இழுத்து விட்டால் 'ஓ'வோடு குழம்பாது.

பகடையை இரண்டு தடவை உருட்டுங்கள். முதல் உருட்டல் எத்தனையாவது வரிசை என்று சொல்லும். இரண்டாவது உருட்டல் அந்த வரிசையில் எத்தனையாவது கட்டம் என்று சொல்லும். முதலில் மூன்றும் பிறகு ஐந்தும் விழுந்தால் 'க்யூ'. ஆறும் இரண்டும் விழுந்தால் எண் 5. விழுந்ததை எழுதிக் கொண்டே வாருங்கள்.

இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. கூட்டினால் இரண்டு என்பது ஒரே வழியில்தான் வரும். ஏழு என்பது ஆறு வழியில் வரும். சில எழுத்து அடிக்கடி வந்து, சில எழுத்து தலையே காட்டாது. வரிசை, கட்டம் என்று தனித்தனியாகப் படித்தால் முப்பத்தாறுக்கும் சம நியாயம்.

பெரிய எழுத்து இதில் இல்லை என்பதால் 14 எழுத்து எடுங்கள். 28 உருட்டல். முன்னே சொன்ன பன்னிரண்டு பூச் சரத்தை விட இது கெட்டி. பெரிய எழுத்தும் குறியும் வேண்டும் என்று அந்த இடத்தில் கேட்டால், முதலில் வரும் எழுத்தைப் பெரிதாக்கிக் கடைசியில் ஒரு குறி சேர்த்து விடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு தடவை விழும். "இது நல்லா இல்லையே" என்று நம் கை பரபரக்கும். மாற்றாதீர்கள்! அழகு பார்த்து மாற்றினால் அந்த இடத்தில் நம் மனசு புகுந்து விடுகிறது. விழுந்தது விழுந்தபடி இருக்கட்டும்.

தொடுத்ததைக் காப்பாற்ற

வாயில் நுழையாததை எப்படி ஞாபகம் வைத்துக் கொள்வது என்று கேட்பீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

1. ஒரு சின்ன நோட்டில் எழுதி, நகை வைக்கும் பீரோவில் வைத்திருக்கிறேன். எழுதி வைப்பது தப்பு என்று பயப்பட வேண்டாம். கண்காணாத ஊரில் இருக்கும் திருடனால் என் பீரோவைத் திறக்க முடியாது. ஆனால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதும், போனில் படம் எடுத்து வைப்பதும் கூடாது.

2. ஒரு கணக்கிற்கு ஒரு சரம்தான். ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைத்தால், ஓர் இடத்தில் திருட்டுப் போனாலும் எல்லாக் கதவும் திறந்து கொள்ளும். முதலில் மின்னஞ்சலை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்ற அனுமதி அங்கேதான் வருகிறது.

3. புதுக் கணக்கு தொடங்கும்போது சில போன்கள் தாமே ஒரு நீளமான பாஸ்வேர்டைச் சொல்லி, சேமித்தும் வைக்கின்றன. அதுவும் இதே மாதிரிச் சரம்தான். ஏற்றுக் கொள்ளலாம். போனுக்குப் போட்ட பூட்டு கெட்டியாக இருக்க வேண்டும்.

4. இரண்டாவது தாழ்ப்பாள் போல, போனுக்கு எண் அனுப்பிச் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுக் கொள்ளுங்கள். அந்த எண்ணை எவர் கேட்டாலும், பேங்கிலிருந்து என்று சொன்னாலும், கொடுக்கக் கூடாது.

5. பணம் கேட்டு யாரிடமிருந்து செய்தி வந்தாலும், அவர்கள் குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். "யாரிடமும் சொல்லாதே" என்றால் கட்டாயம் யாரிடமாவது சொல்லுங்கள்.

தீபாவளிக்கு நாத்தனார் வந்திருந்தாள். போன பணத்தில் பாதியாவது தருகிறேன் என்று கவரை நீட்டினேன். "என்ன அண்ணி நீங்க" என்று என் கையிலேயே திருப்பி வைத்து விட்டாள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்தபோது, பகடையையும் கட்டம் போட்ட தாளையும் கொண்டு வந்து வைத்தேன். அவள் உருட்ட, என் பெண் எழுத்தைச் சொல்ல, நான் எழுதினேன். அவளுடைய மூன்று கணக்குக்கும் மூன்று சரம். எழுதிய தாளை அவள் மடித்துப் பர்ஸின் உள் ஜிப்பில் வைத்துக் கொண்டாள். "வீட்டுக்குப் போனதும் பீரோவில் வெச்சுடறேன் அண்ணி" என்றாள்.

போன வாரம் ஊருக்குப் போகிற விஷயமாக அவளுக்குச் செய்தி அனுப்பினேன். அடுத்த நிமிஷமே போன் அடித்தது. "நீங்கதானான்னு பார்த்தேன்" என்று சிரித்தாள். முன் மாதிரி எனக்குச் சுருக்கென்று தைக்கவில்லை. நல்ல பழக்கம்தானே? இருவரும் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் வைத்தோம்.